மேற்கே இறங்கும் தண்ணீர்

மும்பையில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி மின்சுமைக் கட்டுப்பாட்டு அறையில் கழிந்தது. எந்த நேரத்தில் எந்த மின்நிலையம் எவ்வளவு ஓட வேண்டும் என்று பார்த்துச் சொல்வதுதான் அங்கே வேலை. சந்திரபூர், கோராடி, நாசிக், புசாவள் என்று மகாராஷ்டிரத்தில் அனல்மின் நிலையங்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஷிஃப்ட் மாறும்போது முந்தைய ஆளிடம் நாங்கள் முதலில் விசாரிப்பது கொய்னா நீர்மின் திட்டத்தைப் பற்றித்தான். எத்தனை மிஷின் ஓடுகிறது, எத்தனை சும்மா நிற்கிறது, கூப்பிட்டால் எது உடனே வரும். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் நாற்காலியில் நிம்மதியாக உட்கார முடியும்.

காரணம் எளிது. மின்சாரம் அந்தந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அந்தந்த நொடியில் அவ்வளவும் உற்பத்தியாக வேண்டும். இரண்டும் சமமாக இருக்கும்வரை திரையில் பிரீக்வென்சி, அதாவது மின்னோட்டத்தின் அதிர்வெண், 50 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். எங்கோ ஒரு 500 மெகாவாட் யூனிட் ட்ரிப் ஆகி, அதாவது திடீரென்று நின்றுபோனால், அது சரியத் தொடங்கும். குளிர்ந்து கிடக்கும் அனல்மின் யூனிட்டைச் சூடேற்றி ஓட்டத்துக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டும் மெல்லத்தான் ஏறும். நீர்மின் நிலையத்தில் அப்படி இல்லை. போன் போட்டுச் சொன்ன சில நிமிடங்களில் மிஷின் சுழன்று கிரிட் என்னும் மின்கட்டமைப்போடு சேர்ந்துவிடும். கொய்னாவின் எல்லா நிலையங்களையும் சேர்த்தால் 1,960 மெகாவாட். மும்பையில் இரவு ஒரு மணிக்கு ஒருவர் லிப்டில் தடையில்லாமல் ஏறிப் போகிறார் என்றால், அதற்குப் பின்னால் சதாரா மாவட்டத்து மலைகளுக்கு நடுவே நிற்கும் தண்ணீருக்கும் பங்குண்டு.

அந்தத் தண்ணீர் போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்ததே அந்த வழியைப் பற்றித்தான்.

கொய்னா ஆறு மகாபலேஷ்வரில் பிறந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டை ஒட்டியே தெற்கு நோக்கி ஓடுகிறது. பிறகு கிழக்கே திரும்பி, கராட் நகரில் கிருஷ்ணாவோடு கலக்கிறது. அது திரும்பும் இடத்துக்கு அருகில்தான் அணை. 103 மீட்டர் உயரம், 800 மீட்டருக்கு மேல் நீளம். பின்னால் மலை இடுக்குகளில் சுமார் 50 கிலோமீட்டர் தூரத்துக்கு நீண்டு கிடக்கிறது சிவசாகர் ஏரி. மதகுகளை உயர்த்திய பிறகு கொள்ளளவு 105.25 டிஎம்சி. நம் மேட்டூர் 93.47 டிஎம்சி என்பதை வைத்துக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆறு தன் போக்கில் விட்டால் கிழக்கே போய் வங்காள விரிகுடாவில் சேரும். ஆனால் ஏரியின் மேற்குக் கரையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாக, ஏறத்தாழ 480 மீட்டர் கீழே பொஃபளியில் இருக்கும் நிலத்தடி மின்நிலையங்களுக்கு அது இறங்குகிறது. வெளியே வந்து கோள்கேவாடி அணையில் சேர்ந்து, அளோரேயில் இன்னொரு முறை மின்சாரம் தந்துவிட்டு, வாசிஷ்டி ஆற்றில் விழுந்து, சிப்ளூணைத் தாண்டி அரபிக் கடலுக்குப் போய்விடுகிறது.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்து வளர்ந்தவன். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து, மேற்கே போக வேண்டிய தண்ணீர் தேக்கடி சுரங்கம் வழியாகக் கிழக்கே எங்கள் பக்கம் திரும்பியது. எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைவது அதனால். பென்னிகுயிக் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் ஊர்க்காரன் நான். அந்தக் கண்ணோடுதான் கொய்னாவின் வரைபடத்தை முதன்முதலில் பார்த்தேன். அதே மலைத்தொடர், அதே மாதிரிச் சுரங்கம், திசை மட்டும் தலைகீழ். எங்களுக்கு வயலுக்காகத் திரும்பிய தண்ணீர், இங்கே வயல்களை விட்டுத் திரும்பியிருந்தது. அன்றிலிருந்து கொய்னாவை வெறும் மெகாவாட்டாகப் பார்க்க என்னால் முடிந்ததில்லை.

மேற்கே எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கிவிட முடியாது என்பது நல்ல விஷயம். கிருஷ்ணா நதிநீர்ப் பிரச்சினையை விசாரித்த பச்சாவத் நடுவர் மன்றம், கொய்னாவிலிருந்து மின்சாரத்துக்காக மேற்கே திருப்பும் தண்ணீருக்கு ஆண்டுக்கு 67.5 டிஎம்சி என்று வரம்பு வைத்தது. கணக்கு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடியும். அதே கிருஷ்ணாவிலிருந்து சென்னையின் குடிநீருக்காக மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் ஆளுக்கு 5 டிஎம்சி விட்டுக்கொடுக்க 1970-களில் ஒப்புக்கொண்டன. ஆக மொத்தம் 15. அந்த 15-க்காக எத்தனை ஆண்டுகள் பேச்சுவார்த்தை, எத்தனை கால்வாய்! பூண்டிக்குக் கிருஷ்ணா நீர் வந்து சேர 1996 ஆனது. அதன் அருகில் 67.5-ஐ வைத்துப் பார்த்தால், கட்டுப்பாட்டு அறையில் ஒரு போனில் நாங்கள் செலவழிப்பது என்னவென்று புரியும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் திருநெல்வேலிக்காரர். அறையில் மராத்திக்காரர்கள்கூட அவரை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். கொய்னாவைக் கேட்க நான் போனில் கை வைத்தால் ஒரு பார்வை பார்ப்பார். "தம்பி, நிலக்கரி தீந்தா ரயில்ல வரும். இது தீந்தா ஜூன்லதான் வரும். பாத்துக் கேளுங்க." அவர் கேட்கவே கூடாது என்று சொன்னதில்லை. யூனிட் ட்ரிப் ஆனால் அவரே முந்திக்கொண்டு கேட்பார். ஆனால் கொஞ்சம் முன்யோசனையோடு அனல்மின் நிலையங்களை ஏற்றி வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்கிற இடத்தில் கொய்னாவைக் கூப்பிடுவது அவருக்குப் பிடிக்காது. ஷிஃப்ட் ஒப்படைப்பு நோட்டில் மெகாவாட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரையும் எழுத வைத்தவர் அவர்தான். கொய்னாவின் நான்காம் கட்ட நிலையமான ஸ்டேஜ் 4-இன் 1,000 மெகாவாட்டும் முழுதாக ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 85 கோடி லிட்டர் மலையிறங்கிவிடும். ஐந்து மணி நேரம் ஓடினால், மும்பை மாநகராட்சி ஒரு நாளில் நகரம் முழுவதற்கும் தரும் தண்ணீரைவிட அதிகம். இந்தக் கணக்கை அவர் கால்குலேட்டர் இல்லாமல் போடுவார்.

1967 டிசம்பர் 11-ஐப் பற்றியும் அவர்தான் சொன்னார். அப்போது அவர் இளம் வயதில், மும்பைக்கு அருகே ஒரு துணை மின்நிலையத்தில் இருந்தார். விடியற்காலை நான்கரை மணிக்குச் சற்று முன்னால் தரை ஆடியது, பிறகு விளக்குகள் போயின. மையம் கொய்னா என்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்ததாம். ரிக்டர் அளவில் 6-க்கு மேல் பதிவான அந்த நிலநடுக்கத்தில் கொய்னாநகரில் வீடுகள் இடிந்து சுமார் 180 பேர் இறந்தார்கள். அணையிலும் விரிசல் விழுந்தது, உடையவில்லை. பின்னால் முட்டுச்சுவர்கள் கொடுத்து அதைப் பலப்படுத்தினார்கள். தேக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே வந்த நடுக்கம் அது. நீர்த்தேக்கத்தோடு தொடர்புள்ளதாக உலகில் அறியப்பட்ட நிலநடுக்கங்களில் இதுவே பெரியது என்கிறார்கள். தண்ணீரின் எடையும், பாறை இடுக்குகளில் கசிந்திறங்கும் நீரின் அழுத்தமும் ஏற்கெனவே இறுகி நிற்கும் பிளவை நகர்த்திவிடுகின்றன என்பது விளக்கம். இன்றும் அங்கே சிறு நடுக்கங்கள் நின்றபாடில்லை. கராட்டில் இதற்கென்றே ஆய்வகம் அமைத்து, 3 கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்க்கிறார்கள். அண்ணாச்சி அந்த நாளைப் பற்றிப் பேசும்போது மின்தடையைப் பற்றி ஒரு வரிதான் சொல்வார். மீதி எல்லாம் அந்த ஊர் ஜனங்களைப் பற்றி இருக்கும்.

கொய்னாவின் முழு அருமையையும் நான் கண்டது 2020 ஏப்ரல் 5 இரவு. ஊரடங்கு, ஆலைகள் மூடிக் கிடந்ததால் நாட்டின் மின்தேவையே சுருங்கியிருந்தது. இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்கும்படி இரண்டு நாள் முன்னால்தான் அறிவிப்பு வந்தது. தேவை திடீரென்று விழுந்து, பத்தே நிமிடத்தில் திரும்ப எழும். அனல்மின் நிலையங்களால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. நாடு முழுவதும் போட்ட திட்டம் இதுதான்: அனல்மின் நிலையங்களை முடிந்தவரை இறக்கி வைத்து, நீர்மின் நிலையங்களை முன்கூட்டியே ஏற்றி, விளக்குகள் அணைய அணைய அவற்றைக் குறைத்து, எரியும்போது மறுபடி ஏற்றுவது. மக்கள் 8:45-க்கே அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். 9:10-க்குள் 31,000 மெகாவாட்டுக்கு மேல் விழுந்தது. அதில் நீர்மின் நிலையங்கள் மட்டும் இறங்கிக்கொடுத்தது 17,500 மெகாவாட் அளவு. எங்கள் பங்குக்குக் கொய்னா. அந்த அறையில் யாரும் பேசவில்லை; போனில் எண்களை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம். பிரீக்வென்சி கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, தன் இடத்துக்கு வந்தது. பொஃபளியில் இருந்த ஆபரேட்டர்களை அன்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்த இரவுக்காக மேற்கே இறங்கிய ஒவ்வொரு துளியும் நியாயமான செலவு என்று இன்றும் சொல்வேன்.

பயிற்சிக்காகவும் வேறு வேலையாகவும் கொய்னாநகருக்குப் போயிருக்கிறேன். ஸ்டேஜ் 4-க்காக 1999-இல் ஏரியை வற்ற விடாமலேயே அதன் அடியில் கீழிருந்து சுரங்கம் குடைந்து, கடைசிப் பாறையை வெடி வைத்துத் திறந்தார்கள். நார்வேயின் முறை அது. கோடையில் மட்டம் இறங்கினாலும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று 2012-இல் இன்னொரு முறை அதையே செய்தார்கள். பொறியியலாக அதைப் பார்த்து வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் அங்கே என்னை அதிகம் பேச வைத்தவர்கள் ஊர்க்காரர்கள். நிலத்தை இழந்தவர்களில் பலருக்கு மாற்று நிலம் முழுதாகக் கிடைக்கவில்லை. அண்மை ஆண்டுகள் வரை அதற்காகத் தர்ணா இருந்திருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளோடு. ஏரிக்கு மேலே மலைச்சரிவில் ஏறிக் குடியேறியவர்கள் சிலருக்கு, 1985-இல் கொய்னா வனவிலங்குச் சரணாலயமும் 2010-இல் சஹ்யாத்ரி புலிகள் காப்பகமும் வந்தபோது மறுபடியும் இடம் பெயர வேண்டிய நிலை. மும்பையின் வெளிச்சத்துக்காக மலைவாசிகள் நிலம் கொடுப்பது கொய்னாவில் தொடங்கியதும் அல்ல. முள்ஷி அணைக்கு எதிராக சேனாபதி பாபட் தலைமையில் விவசாயிகள் சத்தியாகிரகம் செய்தது 1921-இல். நூறு ஆண்டுகளாக இந்த நகரம் மலைக்கு அந்தப் பக்கத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. மின்கட்டணம் ஒரு நாள் தாமதமானால் அபராதம் போடும் துறை நம்முடையது. நிலத்துக்குப் பதில் நிலம் அறுபது ஆண்டு தாமதம் என்பதை எந்த நோட்டில் எழுதுவது?

கிழக்குப் பக்கம் இன்னொரு கதை. கொய்னாநகரில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டும் வருடங்கள் உண்டு. சாங்லி மாவட்டத்தின் ஆட்பாடி, ஜத் பக்கம் போனால் முள்ளும் கல்லுமான வறட்சி. டாக்காரி, டெம்பு, மைசாள் என்ற ஏற்று நீர்ப்பாசனத் திட்டங்கள் ஆற்றிலிருந்து தண்ணீரைப் படிப்படியாக மேலேற்றி அங்கே கொண்டுபோகின்றன. அதற்குக் கோடையில் அணையிலிருந்து கிழக்கே திறக்க வேண்டும். பம்புகளுக்கு எங்களிடமிருந்து மின்சாரமும் வேண்டும். மழை பொய்த்த ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்தால் இந்த இழுபறி அப்படியே கண்முன் தெரியும். மின்தேவை உச்சத்துக்குப் போகும் மாலை பீக்குக்கு மேற்கே இறக்கினால் அது கிழக்கே இல்லை.

இப்போது நிலைமை புதிதாக ஒரு பக்கம் சாய்கிறது. சூரிய மின்சாரம் பெருகியதால் பகலில் தட்டுப்பாடு இல்லை. சூரியன் இறங்கும் நேரத்தில்தான் நெருக்கடி; ஓரிரு மணி நேரத்தில் பெரும் பள்ளம் விழுகிறது. அதை நிரப்பக் கொய்னாவைத் தினசரி கூப்பிடும் பழக்கம் வந்துகொண்டிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தினமும் ஏழு மணிக்கு வரும் என்று தெரிந்த நெருக்கடி ஆபத்தில் சேராது. அதற்கு ஆண்டுக் கணக்கில் அளந்து தந்த தண்ணீரை எடுக்கக் கூடாது. 2008 முதல் ஓடும் காட்கர் நிலையம் மாதிரி, 250 மெகாவாட்தான் என்றாலும், பகல் மின்சாரத்தில் தண்ணீரை மேலேற்றி மாலையில் இறக்கினால் அதே தண்ணீர் திரும்பத் திரும்ப உதவும், கடலுக்குப் போகாது. அப்படிப் பல திட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் வரிசை கட்டுகின்றன. அவற்றுக்கும் காடும் நிலமும் வேண்டும் என்பதால், கொய்னாக்காரர்களின் பாக்கியைத் தீர்த்துவிட்டு அடுத்த ஊரில் கேட்கட்டும்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் என்னோடு பேசும் இளம் பொறியாளர் ஒருத்தி இருக்கிறாள். தாராவியில் வளர்ந்தவள், பூர்வீகம் நாங்குநேரிப் பக்கம். "சார், பேட்டரி வந்துகிட்டே இருக்கு. இன்னும் பத்து வருஷத்துல கொய்னாவ தினமும் கூப்பிட வேண்டியிருக்காது" என்கிறாள். அவள் வாக்கு பலிக்கட்டும். அப்போது மிச்சமாகும் தண்ணீர் யாருக்கு என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். ஏனென்றால், வாசிஷ்டியில் விழும் கொய்னா நீரை மும்பைக்குக் குடிநீராகக் கொண்டுவரும் யோசனை ஒன்று பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடலுக்குத்தானே போகிறது, எடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் இவ்வளவு பெரிய நகரம் அதைக் குடிக்கத் தொடங்கிவிட்டால் மேற்கே இறக்குவதைக் குறைக்க எந்த அரசாலும் முடியாது. ஆட்பாடிக்கும் ஜத்துக்கும் கதவு அடைபட்டுவிடும். மும்பைக்கு வேறு வழிகள் இருக்கின்றன: மனோரியில் திட்டமிட்டிருக்கும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு, நாளெல்லாம் கடலில் விடும் கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவது, கசியும் பழைய குழாய்களை மாற்றுவது. செம்பூரில் இந்த நகரத்துக் குழாயை நம்பி வாழ்பவன் நான். மாநகராட்சி இவற்றை முதலில் செய்யட்டும் என்றுதான் கேட்பேன்.