கண் சிமிட்டச் சொன்ன திரை

ஆன்லைனில் வங்கிக் கணக்கு தொடங்கும்போது கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்வார்களே, எதிரில் இருப்பது உயிருள்ள ஆளா, போட்டோவா என்று பார்க்கத்தான் அது. ஆசிட் வீச்சில் இமை சிதைந்தவர் என்ன செய்வார்? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. டிஜிட்டல் சேவைகள் எல்லாருக்கும் எட்டுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பானது. வாடிக்கையாளர் யார் என்று உறுதிசெய்யும் கேஒய்சி முறைகளைச் சரிசெய்ய 20 உத்தரவுகளும் வந்தன.

படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த மாதிரித் திரை ஒன்றை வரைந்தவன் நான்.

பார்வையில்லாத நண்பர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தோம், எப்போது தெரியுமா, வெளியிட இரண்டு வாரம் இருக்கும்போது. போன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வெறுமனே "பட்டன், பட்டன்" என்றது. நாங்கள் எந்தப் பட்டனுக்கும் பெயரே வைக்கவில்லை. தமிழ்ப் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே நிரலில் கிடந்ததால், உதவிப் பக்கத்தில் அவருடைய கணினி தமிழ் வரிகளை விழுங்கிவிட்டு எண்களை மட்டும் வாசித்தது. வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து வேறு (எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது உலக அளவில் ஏற்ற விதி, வெயிலில் நின்று பார்த்தால் எனக்கே தெரியவில்லை). சரி, இதெல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது.

சரியாகாதது அந்த வட்டம். "முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள்" என்கிறது திரை, வட்டம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது, போனை இடப்பக்கம் நகர்த்து, கொஞ்சம் மேலே தூக்கு என்று குரல் கொடுக்கலாம்தான், ஆனால் முகம் சரிபார்க்கும் அந்தப் பகுதியே வெளியில் வாங்கியது, அதற்குள் நாங்கள் கை வைக்க முடியாது, ஒப்பந்தமும் ஆறு மாதம் முன்பே கையெழுத்தாகியிருந்தது. பெயரும் நிறமும் கடைசி நாளில்கூட மாறும், எதை வாங்குவது என்று முதல் மாதத்தில் எடுத்த முடிவு மாறாது. அந்த முதல் கூட்டத்தில் நானும்தான் இருந்தேன். விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம்.

"அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்று வெளியிட்டுவிட்டோம். நண்பர் அப்புறம் கிளைக்கே போய்க் கணக்கு தொடங்கினார். படிவத்தை அவருடைய தம்பி மகன் நிரப்பித் தந்தான், சம்பளம் எவ்வளவு என்பது உட்பட.