கிஸ்ட் நிறையச் சொற்கள்

என் மகள் வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன புதிதில், இரவுப் பணி முடிந்து வந்ததும் வராததுமாக ஒரு நாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். முதியவர் ஒருவர் தமக்கு ‘ஆக்ஸ்டர்’ வலிக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்ல, இவள் ஒன்றும் விளங்காமல் விழித்திருக்கிறாள். அவர் பொறுமையிழந்து கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் ஆக்ஸ்டர் என்றால் அக்குள் என்று தெரிந்ததாம். “ஏம்பா, இங்க இங்கிலீஷ் பேசுவாங்கன்னுதானே சொன்னீங்க?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். உடன் பணியாற்றும் ஓர் அம்மையார் இதற்கு ஒரு மருந்து சொல்லியிருக்கிறார்: பிபிசி ரேடியோ அல்ஸ்டரில், ஸ்காட்லாந்திலிருந்து இங்கே குடியேறியவர்களின் மொழியான அல்ஸ்டர் ஸ்காட்ஸில் வரும் ‘எ கிஸ்ட் ஓ வர்ட்ஸ்’ என்ற நிகழ்ச்சியைக் கேட்டுப் பழகு, காது திறந்துவிடும் என்று. மகள் அதன் இணைப்பை எனக்கும் அனுப்பிவைத்தாள். அவள் எத்தனை முறை கேட்டாளோ தெரியாது. நான் விடாமல் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

பெயரைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிஸ்ட் என்றால் பெட்டி. சொற்கள் நிறைந்த பெட்டி என்பது நிகழ்ச்சியின் பெயர். இதற்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை, ஏனென்றால் துணிமணி வைக்கும் பெரிய மரப்பெட்டியைத் தென்னாப்பிரிக்காவில் நாங்களும் கிஸ்ட் என்றுதான் சொல்கிறோம். டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு உள்ளறையில் என் பாட்டியான ஆயாவின் கிஸ்ட் ஒன்று இருந்தது. மூடியைத் தூக்கினால் முதலில் பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறும். பிறகு கல்யாணச் சேலை, விபூதிப் பை, எல்லாவற்றுக்கும் அடியில் அவருடைய தகப்பனாரின் கூலி எண் எழுதிய பழுப்பேறிய காகிதம். அந்தச் சொல் இங்கே டச்சுக்காரர் வழியாகவும், அங்கே ஸ்காட்லாந்துக்காரர் வழியாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. டச்சிலிருந்து கிளைத்ததும் பள்ளியில் வேண்டா வெறுப்பாகப் படித்ததுமான ஆப்பிரிக்கான்ஸ் மொழி எனக்கு முதன்முதலாகப் பயன்பட்டது இந்த வானொலியைக் கேட்கும்போதுதான். தேவாலயத்துக்கு ஆப்பிரிக்கான்ஸில் ‘கெர்க்’ என்றால் அல்ஸ்டர் ஸ்காட்ஸில் ‘கிர்க்’ என்கிறார்கள். தெரியும் என்பதற்கு இரு இடத்திலும் ‘கென்’. இரவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் எழுத்தாக மட்டும் நின்று ஊமையாகிப்போன ஒலி, அல்ஸ்டர் ஸ்காட்ஸில் இன்னும் தொண்டையை உரசிக்கொண்டு வருகிறது. தமிழில் எழுதுவதானால் ‘நிஃட்’ என்றுதான் எழுத வேண்டும். அஃது, இஃது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, ஆய்தத்தை எப்படி ஒலிப்பது என்று கேட்டால் இதுவரை மழுப்பிவந்த எனக்கு இப்போது காட்டுவதற்கு ஓர் ஊர் கிடைத்திருக்கிறது.

அந்த மொழி அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1606 இல் ஹாமில்டன், மான்ட்கோமரி என்ற இரு ஸ்காட்லாந்துச் சீமான்கள் தங்கள் நாட்டுக் குடியானவர்களைக் கொண்டுவந்து டவுன் கவுண்டியின் கிழக்குப் பகுதியில் குடியேற்றினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அரசே முன்னின்று, அயர்லாந்துக்காரரின் நிலத்தைப் பறித்து, அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரின் பெரும்பகுதியில் குடியேற்றத்தை நடத்தியது. இரு கரைகளுக்கும் நடுவே கடல் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான் என்பதால், போக்குவரத்தும் பெண் கொடுக்கல் வாங்கலும் நின்றுவிடவில்லை, மொழியும் வற்றவில்லை. எங்களவர் கதை அப்படியன்று. 1860 நவம்பர் 16 ஆம் நாள் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் வந்தது. 1911 இல் ஆள் பிடிப்பது நிறுத்தப்படும் வரை 152,184 பேர் டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுக்கும் பிறந்த ஊருக்கும் நடுவே இந்துமாக்கடல் முழுவதும் கிடந்தது.

நிகழ்ச்சியில் என்னை அதிகம் கட்டிப்போட்டது பேச்சுத்தான். கவிதை வாசிப்பார்கள், பழைய பழக்கவழக்கங்களைப் பற்றிப் பேசுவார்கள், இடையிடையே பிடிலும் குழலும் ஸ்காட்லாந்து பைப்பும் ஒலிக்கும். ஆனால் அறிவிப்பாளர் முதற்கொண்டு எல்லோரும் வீட்டில் பேசுகிற மொழியையே ஒலிவாங்கியின் முன்னாலும் பேசுகிறார்கள். வாய்க்காலுக்கு ‘ஷுஃ’, பிடிவாதக்காரனுக்கு ‘த்ரான்’, பொறுத்துக்கொள்வதற்கு ‘தோல்’, சலித்துப்போனால் ‘ஸ்கன்னர்ட்’. இவற்றில் பல, பள்ளிக்கூடத்தில் சொன்னால் ஆசிரியர் திருத்திய சொற்கள். திருத்தப்பட்ட சொல் வானொலியில் வெட்கமின்றி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான், என் கணிப்பில், இந்த நிகழ்ச்சியின் உயிர்நாடி. அரசாங்க அறிவிப்புகளை அல்ஸ்டர் ஸ்காட்ஸில் மொழிபெயர்க்கிறோம் என்று புதிதாகச் சமைத்த சொற்களைக் கண்டு அந்த ஊர்க்காரர்களே கேலி செய்ததுண்டு. வானொலியில் வருவது சமைத்ததன்று. வயலிலும் அடுப்படியிலும் கிடந்தது.

லாம்பெக் முரசைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லிஸ்பர்ன் அருகிலுள்ள லாம்பெக் என்ற ஊரின் பெயரால் வழங்கும் அந்த முரசு ஏறத்தாழ மூன்றடி விட்டமுடையது. இருபுறமும் வெள்ளாட்டுத் தோல். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குச்சியால் அல்ல, மலாக்காப் பிரம்பால் விளாசுகிறார்கள். முழங்கினால் 120 டெசிபல் வரை போகும் என்கிறார்கள். பிரம்பு வீச்சில் விரல் முட்டி விளிம்பில் உராய்ந்து இரத்தம் கசிந்தாலும் விடமாட்டார்களாம். என் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அது தகரக் கூரைமேல் விழுகிற மழையாகத்தான் கேட்டது, ஆனாலும் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, “என்னங்க, காவடி வந்துட்டுதா?” என்று கேட்டார். மவுண்ட் எட்ஜ்கம் கோயிலில் காவடி நாளன்று மேளமும் உடுக்கையும் சேர்ந்து அடிவயிற்றில் இறங்குகிற அதிர்ச்சியை அறிந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அந்த முரசுக்கு ஒரு சுமையும் உண்டு. சூலை 12 ஆம் நாள் நடக்கும், பிரித்தானிய ஆட்சியை ஆதரிக்கும் புராட்டஸ்டன்ட் அமைப்பான ஆரஞ்சு சங்கத்தாரின் ஊர்வலங்களோடு அது பிணைந்துபோனதால், அல்ஸ்டர் ஸ்காட்ஸ் என்றாலே அது ஒரு தரப்பாரின் கொடி என்று முகம் சுளிப்பவர்கள் அங்கே நிறைய உண்டு. அது தனி மொழியே அன்று, ஆங்கிலத்தின் வட்டார வழக்கு என்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதிலாக நான் சொல்லக்கூடியது பாலிகேரி ஊரின் ஜேம்ஸ் ஓர் என்ற நெசவாளக் கவிஞரைத்தான். 1770 இல் பிறந்து 1816 இல் மறைந்த அவர் தறியில் உட்கார்ந்தவாறே தம் ஊர்ப் பேச்சில் கவிதை கட்டியவர். அவரே பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1798 கிளர்ச்சியில் ஐக்கிய அயர்லாந்துக்காரர் அணியில் நின்று, பின்பு அமெரிக்காவுக்குத் தப்பியோடித் திரும்பியவர். மொழி எந்தக் கட்சியின் உறுப்பினர் சீட்டையும் எடுத்துக்கொண்டு பிறப்பதில்லை.

சட்டப்படி பார்த்தால் எங்கள் இருவர் நிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். 1998 இன் பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கையை அடுத்து அல்ஸ்டர் ஸ்காட்ஸுக்கு என ஒரு வாரியம் அமைந்தது; 2001 இல் பிரித்தானியா ஐரோப்பியச் சிறுபான்மை மொழிச் சாசனத்தை ஏற்றபோது அதில் இந்த மொழியும் இடம்பெற்றது. எங்கள் 1996 அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, ஆட்சிமொழிகளுக்கு அப்பால் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது முதலியவற்றையும் வளர்க்கவும் மதிக்கவும் வேண்டும் என்கிறது. ஆனால் 2021 கணக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 10.4 விழுக்காட்டினர் தங்களுக்கு அல்ஸ்டர் ஸ்காட்ஸ் ஓரளவேனும் தெரியும் என்று பதிந்திருக்கிறார்கள். 2011 இல் அது 8.1. கூடியதற்கு வானொலிதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. பாலிமணியில் ஃபியூஸ் எஃப்எம் என்ற சமூக வானொலி, சில வாரங்களுக்கு மட்டும் உரிமம் பெற்று அல்ஸ்டர் ஸ்காட்ஸ் பேச்சும் இசையும் ஒலிபரப்பியிருக்கிறது என்று அறிந்தபோது, அந்தக் கணக்கில் கைதூக்கியவர்களில் தம் பக்கத்து வீட்டுக்காரரின் குரலை வானொலியில் கேட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

இங்கே 1983 இல் ரேடியோ லோட்டஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று லோட்டஸ் எஃப்எம் ஆக இருக்கும் நிலையம்தான் எங்கள் வீடுகளுக்குத் தமிழ்க் குரலைக் கொண்டுவந்தது. தமிழ் நேரம் வந்தால் ஆயா அடுப்பைக்கூடத் தணித்துவைப்பார். செய்யுளைப் போல ஒலித்த அந்தச் செந்தமிழே தமிழ், வீட்டில் பேசுவது ஏதோ ஒட்டுப்போட்ட துணி என்று நான் எண்ணிக்கொண்டேன். அது வானொலியின் பிழையன்று, என்னுடையது. அந்தப் பிழையின் சான்று ஒரு கேசட்டாக இன்னும் என்னிடம் இருக்கிறது. 1987 இல், தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் ஒலிபரப்புவதற்காக ஆயாவைக் கரும்புத் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசச்சொல்லிப் பதிவு செய்தேன். “நல்ல தமிழில் பேசுங்க ஆயா” என்று சொன்னேன். பாவம், டொங்காட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அந்தக் கிழவி, வானொலியில் கேட்டதை நினைவில் கொண்டு, “நாங்கள் மிகவும் கஷ்டப்பட்டோம்” என்று நான்கு வாக்கியங்கள் ஒப்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். விழாவில் கைதட்டினார்கள்.

கிஸ்ட் நிகழ்ச்சியைக் கேட்ட மறுவாரம் அந்தக் கேசட்டைத் தேடியெடுத்துக் கணினியில் ஏற்றினேன். நான்கு வாக்கியங்களுக்குப் பிறகு நான் பொத்தானை அழுத்தத் தாமதித்த ஒரு சில நொடிகள் இருக்கின்றன. “அடேய், மீலிக் கூழு அடி புடிக்குது, போய்க் கிண்டு. உங்கப்பன் பக்கி வருது பாரு, ஸ்தூப்புல கெடக்குற சாக்க எடுத்துப் போடு.” அவ்வளவுதான். மக்காச்சோளம் மீலியாகவும், சரக்கு வண்டி பக்கியாகவும், திண்ணை ஸ்தூப்பாகவும் மாறியிருந்த அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் தடுக்கவில்லை. என் ஆயா ஆயாவாகப் பேசி என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நொடிகள் மட்டுமே.

போன சனிக்கிழமை வகுப்பில், வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்லும் ஏதாவது ஒரு சொல்லைக் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ‘ஸ்தூப்பு’ என்று சொல்லிவிட்டு, “சார், இது தமிழா?” என்று கேட்டாள். கரும்பலகையில் எழுது என்றேன். ‘ஸ்’ போடவேண்டுமா வேண்டாமா என்று அவளுக்கு ஐயம். தன் தாத்தா ‘தூப்பு’ என்றுதான் சொல்வார் என்று பின்வரிசைப் பையன் எழுந்து நின்றான். எங்கள் வீட்டில் ‘இஸ்தூப்பு’ என்றாள் இன்னொருத்தி. அல்ஸ்டர் ஸ்காட்ஸுக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எழுத்துமுறை இன்னும் அமையவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மணி அடிக்கும்வரை முடிவாகாததால், மூன்றையும் பலகையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.