நன்னடத்தை அதிகாரி வீட்டுக்கு வந்தார்

மகனுக்கு அப்போது 16 வயது. இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு மோட்டார் சைக்கிளைத் திருடி மாட்டிக்கொண்டான். தோட்டத்து லயத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: ஹென்றி கர்னி. மலாக்கா தெலுக் மாஸில் இருக்கிற சிறார் பள்ளி. உள்ளே போனால் மூன்று வருடம் என்றார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து எத்தனை பஸ் மாறிப் போய்ப் பார்ப்பது?

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறார் நீதிமன்றம் என்பதால் வேடிக்கை பார்க்க ஆள் கிடையாது. மாஜிஸ்திரேட், கூட இரண்டு ஆலோசகர்கள், அவர்களில் ஒருவர் பெண். அன்றே முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதலில் 'லாப்போரான் அக்லாக்' வரட்டும் என்று தள்ளிவைத்தார்கள். 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி அந்த நடத்தை அறிக்கையைப் பார்க்காமல் முடிவு எடுக்கக்கூடாதாம்.

அதை எழுதச் சமூகநல இலாகாவிலிருந்து நன்னடத்தை அதிகாரி வருகிறார் என்றதும் வீட்டைக் கழுவி, சாமி மேடைக்குப் புதுத்துணி விரித்து, அவன் மேசையில் புத்தகங்களை அடுக்கினேன். பெண் பார்க்க வருகிற மாதிரி! "பள்ளிக்கு ஒழுங்காகப் போவான் புவான், இராத்திரி வெளியே சுற்றமாட்டான்" என்றேன். அந்த அம்மா பேசாமல் ஒரு தாளை எடுத்து வைத்தார். அவன் பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள். முன்பே விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். எனக்கு வியர்த்துவிட்டது. அப்புறம் உள்ளதைச் சொன்னேன்: விடியுமுன்னே நான் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்விடுவேன், அவன் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை, பையன் எழுந்தானா என்று பார்க்க ஆள் இல்லை. அதைத்தான் அவர் நிறைய எழுதிக்கொண்டார். நான் இல்லாத நேரத்தில் அண்ணி பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு செய்ததும் அறிக்கையில் ஏறியது.

ஹென்றி கர்னி இல்லை; கிடைத்தது இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை போடலாமாம். பள்ளிக்குப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வீட்டில் இருக்க வேண்டும், மீறினால் பழைய வழக்கே திரும்ப வரும் என்று மாஜிஸ்திரேட் அவனுக்குப் புரிகிற மலாயில் பொறுமையாகச் சொன்னார். எனக்கும் ஒரு பிணைப் பத்திரம்: மாதம் ஒருமுறை அவனோடு நலத்துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும், பெற்றோர் பட்டறைக்கும் போக வேண்டும். திருடியது அவன், பாடம் எனக்கா என்று எரிச்சலாக இருந்தது. அன்றைய நாள் சம்பளமும் போச்சு.

நான்காவது மாதம், திரும்பி வரும் பஸ்ஸில், "அம்மா, பெரட்டுக்குப் போறப்ப என்னை எழுப்பிட்டுப் போங்க" என்றான். மறுநாள் எழுப்பினேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுபடி படுத்துவிட்டான். அண்ணிதான் வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாராம்.