எஸ்எம்எஸ் போட்டால் நோய் அடங்குமா?

மொபைலால் மக்கள் ஆரோக்கியம் கூடியது என்று யாராவது சொன்னால், எதை அளந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ஆப் டவுன்லோடு எண்ணிக்கை எல்லாம் கணக்கில் சேராது.

கென்யாவின் வெல்டெல் ஆய்வு (லான்செட் மருத்துவ இதழ், 2010) எனக்குப் பிடித்தது. எச்ஐவி மருந்து தொடங்கிய 538 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை "மாம்போ?" என்று எஸ்எம்எஸ். நலமா என்ற விசாரிப்பு, அவ்வளவுதான். சிக்கல் என்று பதில் வந்தாலோ, 2 நாளாகப் பதிலே இல்லாவிட்டாலோ மருத்துவமனையிலிருந்து போன் வரும்.

மருந்தை ஒழுங்காக எடுத்ததாகச் சொன்னவர்கள் 62 சதவீதம்; எஸ்எம்எஸ் போகாத பிரிவில் 50. சரி, வாய்ப்பேச்சை எப்படி நம்புவது? ரத்தத்தையும் பார்த்தார்கள். வைரஸ் அடங்கியவர்கள் எஸ்எம்எஸ் பிரிவில் 57 சதவீதம், மற்றதில் 48. வித்தியாசம் கொஞ்சம் சுருங்குகிறது, ஆனாலும் நிற்கிறது. நான் நம்புவது இந்த எண்ணைத்தான்.

அப்புறம், வேலை செய்தது எஸ்எம்எஸ்ஸா, பின்னால் வந்த போனா? அதை இந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை.