தண்ணீர்ப்பள்ளி நாட்குறிப்பு: சந்தனம், குங்குமம், சாம்பல்

மார்ச் 3, 2025, திங்கள்

திருச்சியிலிருந்து கரூர் போகும் பேருந்தில் ஏறி, குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி என்று சொல்லி இறங்கினேன். நெடுஞ்சாலையில் லாரிகள் காதைக் கிழிக்கின்றன. ஆசிரமத்துக்குள் கொஞ்ச தூரம் நடந்ததும் தென்னைகளுக்கு நடுவில் அந்தச் சத்தம் தேய்ந்துவிடுகிறது. பெயர் சாந்திவனம், முழுப்பெயர் சச்சிதானந்த ஆசிரமம். காவி, குடில், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பாடு. கத்தோலிக்கத் துறவிகளின் மடம் இது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

சாயங்காலம் காவிரிக் கரைக்குப் போனேன். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள். மார்ச்சில் ஆறு என்பது பெரும்பாலும் மணல்தான்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று கோயிலை நிதானமாகப் பார்த்தேன். வாசல் கோபுரத்தில் தந்தை, மகன், தூய ஆவி என்ற திரித்துவம், திருமூர்த்தி போல மூன்று முகத்தோடு, ஒரு சிலுவையிலிருந்து எழுந்து வருகிறது. உள்ளே விமானத்தில் சிங்கம், காளை, மனிதன், கழுகு என்று பைபிளின் கடைசி நூலான திருவெளிப்பாட்டில் வரும் நான்கு உயிர்கள். அவற்றுக்கு மேலே மரியாளும் பெனடிக்டும் மற்ற புனிதர்களும். அதற்கும் மேலே அரியணையில் கிறிஸ்து. முற்றத்தில் வட்டத்துக்குள் ஒரு சிலுவை, அதன் நடுவில் ஓம்.

எனக்கு இதில் கோபுரம் அவ்வளவாக ஒட்டவில்லை. ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு விளக்கம் வேண்டியிருக்கிறது; விளக்கம் கேட்டு முடிப்பதற்குள் கும்பிடத் தோன்றுவதில்லை. ஆனால் மூலஸ்தானத்தை இருட்டாகவே வைத்திருக்கிறார்கள். அதற்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊரில் மாதா சிலை இருக்கும் குகை போன்ற கெபியில் சீரியல் பல்பு இல்லாமல் ஒரு திருநாளும் கிடையாது. அந்த வெளிச்சத்தில் வளர்ந்தவனுக்கு இந்த இருட்டு முதலில் பயமாக இருந்தது, அப்புறம் எழுந்திருக்க மனமில்லை.

ஓம் போட்ட சிலுவையை இந்துக்களில் சிலரும் ஏற்கவில்லை, கத்தோலிக்கரில் சிலரும் ஏற்கவில்லை. இரண்டு பக்கக் கோபமும் எனக்குப் புரிகிறது.

மார்ச் 5, சாம்பல் புதன்

வீட்டில் இன்று ஒருசந்தி நோன்பு. பழைய குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் வாங்கிக்கொண்டு, மண்ணிலிருந்து வந்தோம், மண்ணுக்கே போவோம் என்று நினைத்துக்கொள்ளும் நாள். வருடத்தில் ஒரு நாள்.

இங்கே சாம்பல் தினமும் உண்டு. மூன்று வேளை கூட்டு வழிபாடு. காலையில் கையிலோ நெற்றியிலோ சந்தனம், நண்பகலில் புருவ மத்தியில் குங்குமம், மாலையில் விபூதி. சந்தனம் இறையருளின் மணம், குங்குமம் ஞானக்கண் என்கிறார்கள். விபூதி என்பது அழுக்கெல்லாம் எரிந்து போனபின் மிஞ்சுகிற சுத்தமாம். சைவ வீட்டில் பிறந்தவர்களுக்கு இது பழைய சேதி. எனக்குச் சாம்பல் என்றால் சாவும் பாவமும்தான். எரிந்து முடிந்தது சுத்தம் என்று ஞானோபதேச வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தச் சாம்பலுக்குப் பின்னால் பெரிய வழக்கே இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவராகிறவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்றார். சண்டை ரோம் வரை போய், 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அனுமதித்தார். 1704இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரியில் இருந்த தூர்னோன், விபூதியும் நெற்றிக் குறிகளும் கூடாது என்று ஆணை போட்டார். 1744இல் 14ஆம் பெனடிக்ட் அதை உறுதி செய்தார். பிறகு 1969இல்தான் இந்திய ஆயர்கள் வழிபாட்டில் சேர்க்கக் கேட்டுக்கொண்ட 12 இந்திய முறைகளுக்கு ரோம் சம்மதித்தது. தரையில் உட்கார்ந்து வழிபடுவதும் ஆரத்தியும் அதில் அடக்கம். எத்தனை கார்டினல்களின் மேசையைத் தாண்டி என் நெற்றிக்கு வந்திருக்கிறது இந்தத் துளி!

அம்மாவிடம் போனில் சொன்னேன். "தினமுமா? அப்போ சாம்பல் புதனுக்கு என்ன மரியாதை?" என்றார். நல்ல கேள்வி. பதில் தெரியவில்லை.

மார்ச் 6, வியாழன்

காலையில் பூப்பறிக்கும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர், "மொட்டைத் தொடாதீங்க தம்பி, விரிஞ்சதை மட்டும் எடுங்க" என்றார். இந்தப் பூக்கள் திருப்பலிக்குப் போகின்றன. காணிக்கையின்போது பீடத்தில் வைக்கும் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டுப் பூ வைக்கிறார்கள். அண்டத்தின் நடுவில் கிறிஸ்து என்று பொருள். கூடவே நீர், தூபம், கற்பூரத் தீ. தோட்டத்தில் நாம் தண்ணீர் ஊற்றிய செடி பீடத்துக்கு வந்து நிற்கும்போது அந்தக் குறியீட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை. கோபுரத்தில் எனக்குக் கிடைக்காதது இந்த எட்டுப் பூவில் கிடைத்தது.

மார்ச் 7, வெள்ளி

காலைச் சாப்பாட்டுக்குப் பின் காய் நறுக்கல். விருந்தினர்களும் உட்காரலாம். எனக்குப் பூசணிக்காய்.

அப்புறம் கல்லறைகள். 1950 மார்ச் 21, புனித பெனடிக்ட் திருநாள் அன்று இந்த ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள்: ஜூல் மொன்ஷானின், ஆன்றி லெ சோ. லெ சோவை அபிஷிக்தானந்தா என்றால்தான் பலருக்குத் தெரியும். துறவிகள் சேர்வார்கள் என்று காத்திருந்தார்கள்; யாரும் நிலைக்கவில்லை. மொன்ஷானின் 1957இல் பாரிஸில் இறந்தார். அபிஷிக்தானந்தா அருணாசலத்தில் மனதைக் கொடுத்தவர். 1968இல் இமயமலைப் பக்கமே போய்விட்டார். அதே ஆண்டு கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து ஆங்கிலேயரான பீட் கிரிஃபித்ஸ் வந்த பிறகுதான் இங்கே ஒரு சமூகம் உருவானது. 1993இல் இங்கேயே இறந்தார். 1973இல் இந்தூரில் இறந்த அபிஷிக்தானந்தாவின் எச்சங்களையும் பின்னர் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். விட்டுப் போனவரைக் கூப்பிட்டு வந்து பக்கத்தில் படுக்க வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 8, சனி

மாலை வழிபாடு முடித்துக் கிளம்பினேன். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் என் நெற்றியைப் பார்த்து, "ஐயர்மலை சிவன் கோயிலுக்குப் போய்ட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க, தண்ணீர்ப்பள்ளி ஆசிரமம்."

"அட, அது வேதக்காரங்க கோயிலாச்சே?"

"நானும் வேதக்காரன்தாங்க."

அவர் மறுபடி நெற்றியைப் பார்த்தார். அம்மா முன்னால் இப்படியே போய் நிற்பதா, துடைத்துவிட்டுப் போவதா என்று நான் முடிவெடுப்பதற்குள் திருச்சிப் புழுக்கத்தில் வியர்த்துப் பாதி அழிந்துவிட்டது.