மண் கல் சோதனை: ஐந்து கல் அடுக்கை நசுக்கிப் பார்த்தேன்

கல் அச்சடித்து இரண்டு மாதம். அவற்றை வைத்து அடுக்குக் கட்டி 28 நாள். இன்றைக்குத்தான் இரண்டையும் அழுத்தும் இயந்திரத்தில் ஏற்ற முடிந்தது.

கல் 300 × 150 × 100 மி.மீ. மண்ணில் 6 சதவீதம் சிமென்ட் சேர்த்து அழுத்தியது. முதலில் தனிக்கல்லைப் படுக்கையாக வைத்தோம். ஐந்து கல்லின் சராசரி 144 கிலோநியூட்டன், அதாவது 3.2 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ.க்கு 3.2 நியூட்டன் அழுத்தம்). பார்த்ததும் மனது நிறைந்துவிட்டது. ஆனால் இதைச் சுவருக்கு எடுத்துக்கொள்ள முடியாது. தட்டையான கல்லை மேலும் கீழும் இரும்புத் தகடுகள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அந்த உராய்வு கல்லைப் பக்கவாட்டில் விரிய விடாது. அதனால் உண்மையில் இருப்பதைவிட வலிமை கூடுதலாகத் தெரியும்.

அப்புறம் அடுக்குகள். ஐந்து கல், நடுவே 10 மி.மீ. மண் சாந்து, மொத்தம் 540 மி.மீ. உயரம். சுமை 40 கிலோநியூட்டனைத் தொட்டபோது மூன்றாவது கல்லின் நடுவில் தலைமுடி போல ஒரு கோடு நேர் செங்குத்தாக விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாந்தைத் தாண்டி மேல் கல்லுக்கும் ஏறியது. நசுங்கும் சாந்து வெளியே பிதுங்கப் பார்க்கிறது. ஒட்டியிருக்கும் கல்லையும் சேர்த்து இழுக்கிறது. இழுவிசை தாங்குவதில் மண் கல் ரொம்பப் பலவீனம், அதனால்தான் பிளக்கிறது. மூன்று அடுக்குகளும் 1.6, 1.5, 1.1 மெகாபாஸ்கலில் உடைந்தன. சராசரி 1.4, தனிக்கல்லின் பாதிகூட இல்லை.

அந்த 1.1 ஏன் என்று உடைந்த அடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். சாந்து கல்லில் ஒட்டவே இல்லை. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. அந்த அடுக்கை மட்டும் கல்லை நனைக்காமல் கட்டியிருந்தேன். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிட்டது. இனி நனைக்காமல் ஒரு கல்கூட வைக்கப்போவதில்லை.

24 மணி நேரம் தண்ணீரில் ஊறிய தனிக்கற்கள் 1.3 மெகாபாஸ்கலுக்கு இறங்கின. வடிவமைப்புக்கு இந்த ஈர வலிமைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மழையில் அடிச்சுவர் நனையாமல் இருக்காது.

சரி, 3 மீட்டர் சுவரின் சொந்த எடை அடியில் எவ்வளவு அழுத்தும்? கன மீட்டருக்கு 1,800 கிலோ என்று வைத்தால் வெறும் 0.05 மெகாபாஸ்கல். நேர் சுமைக்குப் பயமில்லை. கூரைச் சுமை சுவரின் நடுவில் இறங்காமல் ஓரமாக இறங்கினாலோ, நிலநடுக்கம் பக்கவாட்டில் தள்ளினாலோதான் சிக்கல்; அப்போது இணைப்புகள் இழுவிசையில் திறக்கும். அதனால் அடுத்தது வளைவுச் சோதனை. 250 மி.மீ. இடைவெளியில் இரண்டு உருளைகள், மேலே கல், நடுவில் சுமையை ஐந்து மடங்காக்கும் 1:5 நெம்புகோல், அதன் நுனியில் மணல் வாளி. பலகை தயார், உருளைகள் மட்டும் வர வேண்டும்.