ஓமர் படி செய்தது: லிட்டரிலிருந்து எபிரேய அளவுக்கு

பழைய எபிரேய தானிய அளவுகளுக்குக் கணக்குப் போட உட்காரும்போது லிட்டரை ஒதுக்கிவிட்டு முட்டையைக் கையில் எடுக்க வேண்டும். யூதச் சட்டநூலான தல்மூதின் வழக்கில் 6 முட்டை ஒரு லோக், 4 லோக் ஒரு காவ், 6 காவ் ஒரு சேயா, 3 சேயா ஒரு எப்பா, 10 எப்பா ஒரு கோர். அப்படியானால் எப்பா 432 முட்டை. ஓமர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு என்று யாத்திராகமம் 16:36 சொல்வதால், அது 43.2 முட்டை. இந்த விகிதங்களில் தகராறு கிடையாது. தகராறெல்லாம் ஒரு முட்டைக்கு எத்தனை மில்லிலிட்டர் என்பதில்தான்.

எக்செல்லில் எல்லா அளவையும் முட்டையில் எழுதி, முட்டையின் மில்லிலிட்டருக்கு ஒரே ஒரு கட்டம் வைத்தோம். ரபி (யூத மதகுரு) அவ்ரஹாம் ஹயீம் நாஏ கணக்கில் அது 57.6. அது வந்த வழி இது: இடைக்கால யூத அறிஞர் மைமோனிடீஸ் கால் லோக்குக்கு 27 திர்ஹம் (பழைய எடை) தண்ணீர் என்றார்; திர்ஹத்துக்கு 3.2 கிராம் வைத்தால் 86.4, கால் லோக் என்பது ஒன்றரை முட்டை. ஹஸோன் ஈஷ் என்ற இன்னொரு ரபியின் கணக்கில் முட்டை 99.5 மி.லி. அளவில் வரும். அகழ்வாய்வுச் சாடிகளை வைத்துச் சொல்பவர்கள் எப்பாவை 22 லிட்டர் பக்கம் நிறுத்துகிறார்கள். ஆக ஓமர் 2.2, 2.49, 4.3 லிட்டர் என்று மூன்று விதம். எதை எடுத்தாலும் சரி, பாதியில் மாற்றக்கூடாது. ஓமரை ஒரு பட்டியலிலும் சேயாவை இன்னொன்றிலும் எடுத்தால் 10 ஓமர் 22 லிட்டர் ஆகும், 3 சேயா 24.9 ஆகும். இரண்டும் ஒரே எப்பா! இந்த ஒரு சோதனையே பெரும்பாலான தவறுகளைப் பிடித்துவிடும்.

நாஏ அளவுக்கு இன்னொரு சோதனை உண்டு. 40 சேயா என்பது 3 கன முழம். விரல் 2 செ.மீ., முழம் 24 விரல், அதாவது 48 செ.மீ. மூன்று கன முழம் 331.8 லிட்டர்; 40ஆல் வகுத்தால் 8.294. முட்டை வழியாக வந்த சேயாவும் (144 × 57.6) அதேதான். அழகாகப் பொருந்துகிறது.

தமிழ் வேதாகமத்தை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. ரூத் 2:17-இல் வரும் மரக்கால் எப்பா. 2 இராஜாக்கள் 7:1-இல் வரும் மரக்கால் சேயா. ஆதியாகமம் 18:6-இல் அதே சேயா ‘படி’ ஆகிவிடுகிறது. எசேக்கியேல் 45:11-இல் கலத்துக்கு 10 மரக்கால், நம் ஊர் வழக்கில் 12. பெயரை நம்பிப் பெருக்கினால் மூன்று மடங்கு வரை பிசகும். எபிரேயச் சொல்லைப் பார்க்காமல் எண்ணைத் தொடாதீர்கள்.

நாஏ கணக்கின் ஓமருக்குப் படி செய்ய 3 லிட்டர் அகலவாய் பிளாஸ்டிக் டப்பா போதும். சமையலறைத் தராசில் வைத்து, பூஜ்ஜியமாக்கி, தண்ணீர் 2,477 கிராம் வரும்வரை ஊற்ற வேண்டும். 2,488 இல்லையா என்று கேட்கலாம். 30 டிகிரியில் தண்ணீர் கொஞ்சம் லேசு, லிட்டருக்கு 996 கிராம்தான். நீர்மட்டத்தில் கோடு போட்டு, அந்தக் கோட்டிலேயே வெட்டிவிட வேண்டும். கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு தானியம் கொட்டினால் நடுவில் மேடு நிற்கும், விளிம்பில் பள்ளம் விழும். வெட்டிய வாயில் மரஸ்கேலை நிறுத்தி ஒரே இழுப்பில் தலைதட்டினால்தான் அளவு நிற்கிறது. டப்பாவைத் தரையில் தட்டித் தட்டி நிரப்பினால் ஒரு கை பார்லி கூடுதலாகப் பிடிக்கும். அதனால் தட்டாமல் கொட்டுவதே வழக்கமாகட்டும். படி செய்ய நேரமில்லாதவர்களுக்கு 250 மி.லி. கப்பில் பத்துத் தலைதட்டி அளந்தாலே ஓமர், 12 மி.லி.தான் கூடும். அமெரிக்கக் கப் என்றால் பத்தரை.

பார்லி லிட்டருக்கு ஏறக்குறைய 600 கிராம். ரூத் சுமந்துபோன எப்பா நாஏ கணக்கில் 15 கிலோ, ஹஸோன் ஈஷ் கணக்கில் 26 கிலோ. ஒருநாள் பொறுக்கிய கதிர் என்பதற்கும், அதை ஒரு பெண் ஊருக்குள் தூக்கிப்போனாள் என்பதற்கும் முந்தையதுதான் எங்களுக்கு நம்பும்படி இருக்கிறது.

மாவில்தான் அதிகம் சறுக்கும். ஒரே ஓமர் படியில் சலித்த கோதுமை மாவு 1.3 கிலோ பக்கம் நிற்கும். அழுத்தி அடைத்தால் அதைவிட வெகுவாகக் கூடும். மைமோனிடீஸ் ஒரு ஓமர் எகிப்து மாவுக்குச் சொன்ன 520 திர்ஹம் 1,664 கிராம். ஹல்லா (பிசைந்த மாவில் பிரித்துவைக்கும் காணிக்கைப் பங்கு) எடுக்க இன்று சொல்லப்படும் 1.66 கிலோ அங்கிருந்து வந்ததே. ஆகவே பட்டியலில் மாவுக்குக் கிலோ எழுதினால், சலித்ததா அடைத்ததா என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.